தண்ணீர் வண்டிக்கு ஒரு கிழட்டுக் குதிரை

சிரிக்காதீர்கள். குதிரை வாங்குவதா வேண்டாமா என்று எங்கள் லயத்து வீட்டில் சண்டை நடந்திருக்கிறது. ஒரு அறை, ஒரு அடுப்படி, நானும் என் வீட்டுக்காரரும். நல்ல பாய் இரண்டு வாங்க வக்கில்லை. இந்த லட்சணத்தில் எங்களுக்குக் குதிரை.

மலாயாவில், லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் அது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட அவசரகாலம். அங்கங்கே வரிசை வீடுகளாகக் கிடந்த லயங்களை எல்லாம் காலி செய்து, எங்களை ரோட்டோரம் கொண்டுவந்து சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோமாம். எங்களுக்கே அளந்துதான் அரிசி. வேலிக்குள் ஆள் வந்தது, ஆடு கோழி வந்தது, கோயில் மணிகூட வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. ஓடை வேலிக்கு வெளியே, மேட்டுக்கு அந்தப்புறம். தண்ணீர் வண்டி ஓட்டியவர் தன் மாட்டோடு சிரம்பான் டவுனுக்குப் போய்விட்டார். வண்டியும் டிரம்மும் தோட்டத்துச் சொத்து என்பதால் அவை மட்டும் நின்றன. பெண்கள் நாங்கள் தலையில் குடம் சுமந்து மேடேறி, கழுத்து வலித்து, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு திரிந்தோம்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஒரு மழைக்காற்றில் ரப்பர் கிளை முறிந்து என் வீட்டுக்காரர் இடுப்பில் விழுந்தது. பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அவரால் இனிப் பால்மரம் சீவ முடியாது. வேலை இல்லாத ஆணுக்கு லயத்தில் வீடு இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். நான் மரம் சீவினேன், ஆனால் பெண்பிள்ளை பேரில் வீடு தரமாட்டார்கள். புதிதாக வந்த துரை, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். காலி செய்து எங்கே போவது? என் வீட்டுக்காரருக்கு இந்தியாவில் ஒரு அண்ணன் இருந்தார், முகம்கூட மறந்துபோன அண்ணன். நான் பிறந்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில். எனக்கு இந்தியா என்றால் கப்பல் போகிற திசை, அவ்வளவுதான்.

கிராணி ஐயா ஒரு வழி சொன்னார். "மாடு யாரு கொண்டு வர்றாங்களோ, தண்ணி வேல அவங்களுக்கு. வேல இருந்தா வீடும் இருக்கும்லா." கணக்கு எழுதுகிற மனிதர், வாயால் சொல்ல அவருக்கு என்ன? எங்கள் சேமிப்பில் மாட்டின் வால்கூட வராது.

அப்போதுதான் குதிரைப் பேச்சு வந்தது. பழைய துரை காலையில் தன் குதிரையில் ஏறித்தான் தோட்டத்தைச் சுற்றி வருவார். காட்டுக்குள் இருப்பவர்கள் ரோட்டில் சுடத் தொடங்கிய பிறகு எந்தத் துரை குதிரைமேல் உட்கார்ந்து போவார்? புதியவர் இரும்புத் தகடு அடித்த காரில் போனார். குதிரை கொட்டகையில் சும்மா நின்றது. யாராவது விலைக்கு எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் சுட்டுப் புதைத்துவிடச் சொன்னாராம். கேட்ட விலை ஆட்டு விலைதான். எங்களிடம் ஒரு ஆடு இருந்தது.

குதிரைக்காரர் நல்ல மனுஷன். அவரையும் கார் கழுவப் போட்டிருந்தார்கள். "அண்ணி, ஒங்ககிட்ட மறச்சு எனக்கு என்னா ஆகப்போவுது? வயசாயிருச்சு. காஞ்ச தீனி தின்னா இருமும், நனச்சுத்தான் போடணும். காலையில முன்னங்காலு வெறச்சு நிக்கும், நடக்க நடக்கத்தான் சரியாவும். எடது கண்ணு மங்கல். ஆனா கடிக்காது, ஒதைக்காது" என்றார். சொல்லிக்கொண்டே அதன் நெற்றியைத் தடவினார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

என் வீட்டுக்காரருக்கு ஆயிரம் யோசனை. தவிடு வாங்கி வந்தால் கேட்டில் போலீஸ் கம்பி விட்டுக் குத்திப் பார்ப்பான், குதிரைக்கு என்றால் நம்புவானா என்றார். "புல்லுக்கு என்னா ரேஷனா? நான் அறுத்துப் போடுறேன்" என்றேன். செத்துப்போனால் என்ன செய்வது என்றார். "நாமளுந்தான் சாவோம்" என்றேன். கடைசியில், "உன் இஷ்டம் புள்ள" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிளை விழுந்த நாளிலிருந்து அவருக்கு எல்லாமே என் இஷ்டம்தான். சாப்பிடுவதா, குளிப்பதா, எல்லாம் என் இஷ்டம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நம் ஆட்கள் சுழி பார்க்காமல் மாடு வாங்குவார்களா? எங்கள் மண்டோர், அதாவது வேலை வாங்குகிற மேஸ்திரி, மாடு பார்ப்பதில் கெட்டிக்காரர். அவர் வந்தார், பின்னால் லயமே வந்தது. முதலில் வயது பார்க்க வாயைத் திறந்தார். திறந்தவர் திகைத்துப்போனார். "மேல் வரிசையிலயும் பல்லு இருக்குதேப்பா!" மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது. அவர் ஆயுசில் பார்த்ததெல்லாம் மாட்டு வாய்தான். கூட்டம் சிரித்ததும் மண்டோருக்கு ரோஷம் வந்துவிட்டது. மயிரைக் கோதிக் கோதிச் சுழி தேடினார். நெற்றியில் கோபுரச்சுழி, நல்லது என்றார். முதுகுக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

"பாடச்சுழி. வாங்குனவன் வீட்டுல பாட கட்டணும்."

பக்கத்து வீட்டு அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. "வேணாம் புள்ள. விட்டுடு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "ஒங்க மேல விழுந்துச்சே கிள, அதுக்கு எவன் சுழி பாத்தான்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். கத்தினேனே தவிர, எனக்கும் பயம்தான். பாடைக்குப் பயந்து கப்பல் ஏறவும் மனசில்லை. "இழுத்துப் பாக்கலாம். இழுக்கலன்னா விட்டுடலாம்" என்றேன்.

லீவு நாளில் கேட்டைத் திறந்து விட்டார்கள். துணைக்குத் துப்பாக்கியோடு ஒரு மலாய்க்கார போலீஸ். ஆளாளுக்குப் பெரிய மனுஷனாகிக் குதிரையை வண்டியில் பூட்டினார்கள். நுகத்தடியைக் கழுத்தில் வைத்து, பூட்டாங்கயிற்றைத் தொண்டையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார்கள். வெறும் டிரம்மோடு நாலெட்டு வைத்தது. இருமத் தொடங்கியது. அப்படி ஒரு இருமல். கண் பிதுங்கி, கால் பரப்பி நின்றுவிட்டது. "அவ்ளோதான், நுரையீரல் போச்சு" என்றார் மண்டோர். தலைகள் எல்லாம் ஆடின.

சரி, நம் தலையெழுத்து என்று, அதைக் கொட்டகைக்குத் திருப்பி நடத்துவதற்காக நான்தான் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவிழ்க்க முடியவில்லை. கயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தேன். கயிறு விழுந்தது. நாலு மூச்சு விட்டது, இருமல் நின்றது.

"அடப்பாவிகளா, தொண்டைய நெரிச்சா யாருக்குத்தான் இருமல் வராது!"

மாட்டுக்குத் திமில் இருக்கிறது, நுகத்தடி அதில் முட்டி நிற்கும். குதிரைக்கு ஏது திமில்? மாடு பூட்டியே பழகிய கைகள், யாருக்குமே அது தோன்றவில்லை. குதிரைக்காரர் சவாரிக்குச் சேணம் போட்டவர், வண்டி பூட்டியவர் இல்லை. அவரும் தலையைச் சொறிந்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து வந்தார். குதிரையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "இங்கேருந்து இழுக்கும்" என்றார். யாரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. கோணிச் சாக்கை நீளமாக மடித்து நெஞ்சுக்குக் குறுக்கே கட்டி, இரண்டு முனையையும் வண்டியின் ஏர்க்கால்களில் பிணைத்தார். முதுகுக்கு இன்னொரு சாக்கு. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துக் கட்டினார். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்தேன்.

ஓடையில் டிரம்மைப் பாதி நிரப்பினோம். திரும்பும்போது மேடு. குதிரை முன்னங்காலைப் பார்த்துப் பார்த்து வைத்தது, பக்கத்தில் அவர் காலை இழுத்து இழுத்து வைத்தார். "நொண்டிக்கேத்த நொண்டி" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினான். பாதி மேட்டில் குதிரை நின்றது. மூச்சு விசில் அடித்தது. அந்த இருமல் கயிற்றால் வந்தது இல்லை, உள்ளே இருக்கிற இருமல். குதிரைக்காரர் சொன்னது அத்தனையும் நிஜம். மறைக்க ஒன்றுமில்லை.

"சப்பாட்லா! சப்பாட்!" என்று, சீக்கிரம் நடக்கச் சொல்லிப் போலீஸ் விரட்டினான். அவனுக்கும் காட்டோரத்தில் நிற்கப் பயம்.

"நில்லுய்யா! ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குதுல்ல?" என்று என் வீட்டுக்காரர் போட்டார் ஒரு சத்தம். போலீசுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நின்றுவிட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று! கிளை விழுந்த பிறகு தனக்கு முடியவில்லை என்று அவர் வாய் திறந்து சொன்னதும் அன்றுதான், சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து நின்றதும் அன்றுதான். கொஞ்ச நேரம் நின்று, இருவரும் மேடேறினார்கள்.

கேட்டில் துரையின் கார் நின்றது. கிராணி ஐயாவும் இருந்தார். துரை இறங்கி, குதிரையின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த தமிழில், "ஒரு வருஷம். செத்துப் போகும். பிறகு நீ என்ன செய்யும்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"அது வரைக்கும் தண்ணி வரும், தொரெ. பொறகு வேற பாத்துக்குவேன். நான் வாங்கிக்கிறேன்."

என் இஷ்டம் இல்லை, அவர் இஷ்டம். துரை டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு, கிராணியிடம் தண்ணீர் வேலைக்கு என் வீட்டுக்காரர் பேரை எழுதச் சொன்னார். அதற்குள் பெண்கள் குடத்தோடு வந்து வண்டியை மொய்த்துவிட்டார்கள். பாடை என்று வாயில் கை வைத்த அக்காதான் முதல் குடம் பிடித்தாள்.

அந்தக் குதிரை துரை சொன்ன கெடுவைத் தாண்டியும் இழுத்தது. நனைத்த புல்லும் நானும் இருக்கும்வரை அதற்கு என்ன குறை? அது பெரிய கதை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் நேராகக் கதவு மூலைக்குப் போனார். அங்கே சேலைக்குள் பாத்திரம், விளக்கு, எங்கள் இரண்டு பேர் துணி எல்லாவற்றையும் வைத்து, இறுக்கி முடிச்சுப் போட்ட மூட்டை ஒன்று இருந்தது. குதிரைக்காக ஊரோடு மல்லுக்கு நின்றேனே தவிர, வீடு நிலைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று விடியும் முன்னே அவருக்குத் தெரியாமல் கட்டி வைத்திருந்தேன். அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, முடிச்சை நிதானமாக அவிழ்த்தார். சோற்றுப் பானையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"ஒல வையி புள்ள" என்றார்.