வாய்க்கால் படம்

எங்கள் மகளுக்கு ஆட்டிசம் என்று தஞ்சாவூரில் டாக்டர் சொன்னபோது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் தெரபிக்கு வரச் சொன்னார்கள். பாபநாசத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி அவளைத் தூக்கிக்கொண்டு போவேன். ஹாரன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். "புள்ள வளக்கத் தெரியல" என்று யாராவது முணுமுணுப்பார்கள்.

மையத்தில் எங்களுக்குக் கிடைத்த தெரபிஸ்டுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு வேலை பார்த்துப் படிக்கவைத்தவர்கள் என்று பின்னால் சொன்னார். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிடுவோம்.

முதல் இரண்டு மாதம் கலர் வளையங்களைக் குச்சியில் மாட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். மகள் வளையங்களைத் தட்டிவிட்டுக் கதவுப் பக்கம் ஓடுவாள். ஒரு நாள் அவள் அழுது ஓய்ந்ததும் மிஸ் என்னிடம் சொன்னார்.

"தப்பு என்மேலதான்க்கா. நான் பாப்பாவப் பாக்காம என் பாடத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அவளுக்கு என்ன புடிக்கும், சொல்லுங்க."

அதுவரை எல்லோரும் அவளுக்கு என்னவெல்லாம் வராது என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"தண்ணி, மிஸ்" என்றேன். மேட்டூர் அணை திறந்து, எங்கள் வீட்டுப் பின்பக்க வாய்க்காலில் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது. கொஞ்சம் அசந்தால் மகள் அங்கே ஓடிவிடுவாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். அவள் அதில் தலையை முட்டிக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிஸ் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். வாய்க்கால் கரையில் மகளை ஒட்டி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. மகள் புல்லைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டால் அவரும் போட்டார். அவள் அது மிதந்து போவதைப் பார்த்தால் அவரும் பார்த்தார். கடைசியில் மகள் மிஸ்ஸின் மணிக்கட்டைப் பிடித்துப் புல்லின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"புல்லப் பிச்சுப் போடுன்னு கேக்குறா பாருங்க" என்றார் மிஸ் மெதுவாக.

அவள் என் கையை அப்படி எத்தனையோ தடவை இழுத்திருக்கிறாள். அது கேட்பது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மிஸ் அந்த வாய்க்காலைப் போனில் படம் எடுத்து, லேமினேட் செய்து கொண்டுவந்தார். மகளுக்கு எட்டும் உயரத்தில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். அவள் கதவுக்குப் போகும்போதெல்லாம் எங்களில் ஒருவர் படத்தை அவள் கையில் கொடுத்து, அதை இன்னொருவரிடம் நீட்டவைக்க வேண்டும். நீட்டிய உடனே கையைப் பிடித்து வாய்க்காலுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "ஓடாம இருக்கப் பழக்குவீங்கன்னு பாத்தா, தண்ணிக்குப் போகவே பழக்குறீங்களே மிஸ்."

"இப்பவும் போயிக்கிட்டுதானே இருக்காண்ணே, தனியா" என்றார் மிஸ். "உங்ககிட்ட கேட்டா கூட்டிட்டுப் போவீங்கன்னு தெரிஞ்சா உங்ககிட்ட வருவா. ஆனா கதவு விஷயத்துல மட்டும் அசந்துடாதீங்க. அவ கத்துக்கிட்ட பிறகும்."

என் கணவர் பொறுமைசாலி இல்லை. ஆனால் அந்தக் குறுவை நடவு முழுக்க, நான் குரல் கொடுக்கும்போதெல்லாம் முழங்கால் சேற்றோடு வயலிலிருந்து ஏறி வந்தார். கரைக்கு வந்ததும் "நில்லு" என்று சொல்லி அவளோடு நிற்பார், பிறகு உட்காருவார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்குக் குறையாது. ஒரு தடவைகூட முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. நாலாவது வாரம் யாரும் எடுத்துக் கொடுக்காமலே மகள் படத்தை எடுத்து நீட்டினாள்.

ஐப்பசியில் ஒரு பகல். சிலிண்டர் கொண்டுவந்தவர் போன பிறகு பின்கதவைத் தாழ் போட மறந்துவிட்டேன். துணி மடித்துவிட்டுத் திரும்பினால் மகள் இல்லை. மழைக்கு வாய்க்கால் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. கரையோடு ஓடினேன்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வயலில் என் கணவர் மண்வெட்டியால் மடையை வெட்டிவிட்டுக் கொண்டிருந்தார். மகள் அவர் முன்னால் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தப் படம். அவர் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். "போலாம் வா" என்று அவள் கையைப் பிடித்தார். அவள் தனியாக வந்திருக்கிறாள் என்பதே அவருக்குத் தெரியாது.

மறுநாள் மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. பிறகு, "கதவ யாருக்கா தொறந்து போட்டது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டவில்லை. அவளுக்கு எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் வைக்கச் சொல்லி, அன்று சாயங்காலமே அதைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பவும் சொன்னார். கலங்கிய கண்ணைவிட அந்தக் கேள்விக்காகத்தான் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

மகள் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். இருபது வார்த்தை போலப் பேசுகிறாள். வார்த்தை வராத இடத்தில் படம் காட்டுகிறாள். "அம்மா" இன்னும் வரவில்லை. முன்பு போல அதற்காக ஏங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதில்லை.

போன வாரம் மையத்துக்குப் போனபோது எங்களுக்கு முந்தைய குழந்தையின் நேரம் முடிந்திருக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த குழந்தை மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டிருந்தது. மிஸ் சுடிதாரோடு தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, அந்தக் குழந்தை உருட்டும் பொம்மைச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் நாங்கள் நிற்பது தெரிந்து, திரும்பாமலே ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார். நானும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.