ஹாட் பாக்ஸ் மூடியின் சத்தம்

என் மகளுக்கு ஒற்றைத் தலைவலி என்று தெரிவதற்கு முன் அவளுக்குக் கண்ணாடி போட்டோம். பார்வையில் குறை இல்லை என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும் இருக்கட்டும் என்று போட்டோம். பிறகு டி.வி.யை நிறுத்தினோம். என்னோடு மைன்ஸில் வேலை பார்க்கும் காடாம்புலியூர்க்காரர், "பலாச்சுளைய துன்னுகினு வெயில்ல சுத்துனா தலை வலிக்காம இன்னாங்க பண்ணும்?" என்றார். எங்கள் வீட்டுக்கு வரும் பலாப்பழம் எல்லாம் அவர் கொடுப்பதுதான். அதையும் நிறுத்தினோம். தலைவலி மட்டும் நிற்கவில்லை.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. வலி வந்தால் வெளிச்சம் ஆகாது, வாந்தி எடுப்பாள். ஆனால் அழமாட்டாள். அழுதால் இன்னும் வலிக்கும் என்று அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதை அவள் சொன்ன அன்று நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மனைவி கேட்டதற்கு சோப்பு என்றேன்.

பெரும்பாலும் பள்ளியில் பதினொரு மணி வாக்கில் வரும். போன் வந்ததும் நான் தூக்கத்திலிருந்து எழுந்து போய் அழைத்து வருவேன். நல்ல வேளையாக, எனக்கு நைட் ஷிப்ட் இருக்கும் வாரத்தில்தான், நான் பகலில் வீட்டில் இருக்கும்போதுதான் தலைவலி வந்தது. கடவுள் பார்த்துச் செய்கிறார் என்றாள் மனைவி. நானும் அப்படித்தான் நம்பினேன். பகல் தூக்கத்துக்காக நான் ஜன்னலில் பேப்பர் ஒட்டியிருந்த அறை அவளுக்குத் தோதாக இருந்தது. அவளை அங்கே படுக்கவைத்துவிட்டு, சமையலறையில் ஹாட் பாக்ஸில் இருக்கும் இட்லியைச் சாப்பிட்டபடி காவல் இருப்பேன்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா, வலி எப்போது வருகிறது, அன்று என்ன சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். நான் கன்வேயர் பராமரிப்பில் இருப்பவன். பெல்ட் நின்றால் ஏன் நின்றது என்று இருபது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கோடு போட்டு, முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் ஷிப்ட் என்று ஆரம்பித்தேன். மகளின் தலைவலிக்கு ஷிப்ட் எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. 'இடது பக்கம் வலி. வாந்தி ஒருமுறை. இரண்டு மணிக்கு இயல்பு நிலை' என்று எழுதினேன். காலை உணவு என்ற கட்டத்தில் மனைவி சொன்னபடி எல்லா நாளும் இட்லி.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாமே நைட் ஷிப்டா இருக்கே? பாப்பாவுக்கா நைட் ஷிப்ட்?" என்றார். பிறகு மகளிடம் குனிந்து, "அந்த நாள்ல காலைல என்னம்மா சாப்பிடுவ?" என்று கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா தூங்குவாங்க" என்றாள்.

"சரி, நீ என்ன சாப்பிடுவ?"

"ஹாட் பாக்ஸ் மூடி டொப்புனு சத்தம் போடும். அதனால தொறக்க மாட்டேன்."

மனைவி தனியார் பள்ளியில் டீச்சர். ஏழு மணிக்கு இட்லியை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். எட்டு மணிக்குப் பள்ளி பஸ் வரும்வரை வீட்டில் மகளும், தூங்குகிற நானும்தான். சாயங்காலம் மனைவி வந்து பார்த்தால் டப்பா காலியாக இருக்கும். இப்போது அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்த இட்லிய எல்லாம் யாரு தின்னது?"

எனக்கு வைத்தது என்று நினைத்தேன் என்றேன். வெறும் வயிற்றோடு போனால் இந்த வலி வரும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா மாத்திரை எழுதுவதில் மும்முரமானார்.

மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் எங்கள் பிளாக்கில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவனை யாரும் எழுப்பமாட்டார்கள். காய்கறிக்காரர்கூட அந்த வீட்டு வாசலில் கூவாமல் போவார். அப்படி வளர்ந்த பிள்ளை. போதாததற்கு, அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது தட்டைக் கீழே போட்டு என்னை எழுப்பிவிட்டாள் என்று கத்தியிருக்கிறேன். எனக்கு அது மறந்துபோயிருந்தது. அவளுக்கு மறக்கவில்லை. டாக்டர் அறை என்பதால் எழுந்து போய் அழவும் முடியாமல் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கேவலமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

அதன் பிறகு நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, பஸ் ஏற்றிவிட்டுத்தான் படுக்கிறேன். தலைவலி குறைந்தது, ஒரேயடியாகப் போய்விடவில்லை. வந்தால் என்னை எழுப்பு என்று பலமுறை சொன்னேன். தலையாட்டுவாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மகளுக்குப் பள்ளி இல்லை, மனைவிக்கு மட்டும் இருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். யாரோ என் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினார்கள்.

"அப்பா, வலிக்க ஆரம்பிக்குது."

மாத்திரை கொடுத்து, என் படுக்கையில் அவளைப் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டேன். வெளியே காய்கறிக்காரரின் குரல் கேட்டதும் ஓடிப்போய்க் கையசைத்தேன். "இன்னா சார், நைட் ஷிப்டா?" என்றார். பெண் தூங்குகிறாள் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளினார். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன்.

டொப் என்ற சத்தத்தில் விழித்தேன். சமையலறை வாசலில் மகள் மூடியும் கையுமாக நின்றாள். முகம் தெளிந்திருந்தது. நான் எழுந்துவிட்டதைப் பார்த்தும் அவள் பயப்படவில்லை.

"அப்பா, உங்களுக்கு ரெண்டு போதுமா?" என்று கேட்டாள்.

போதும் என்றேன்.