வெறுங்காது

காலையில் ஆஸ்பத்திரியில் தீயில் வெந்து ஒட்டிப்போன விரல்களைப் பிரித்துத் தைக்கிறேன். பின்னேரம் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் உள்ள தனியார் கிளினிக்கில் மூக்கை நிமிர்த்துகிறேன், தொங்கும் இமையைத் தூக்குகிறேன், கிழிந்த காதைத் தைக்கிறேன். வெட்டுவதும் தைப்பதும் பெரிய விஷயமில்லை. ஆறுகிற நாட்களில்தான் எல்லாம் கெட்டுப்போகும். வெயிலில் திரிய வேண்டாம் என்றால் திரிவார்கள். மஞ்சள் பூச வேண்டாம் என்றால் அன்றைக்கே பூசுவார்கள். என் கத்தி பிழை விட்டதில்லை, ஆறவிடாமல் கெடுத்தது நோயாளிகள்தான் என்று பல வருஷம் வீம்பு பேசித் திரிந்தவள் நான்.

சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்திலிருந்து அந்தப் பெண் வந்த அன்று கிளினிக்கில் நல்ல சனம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கருவாடு காயவைத்து விற்கிறவள். பாரத் தோடு இழுத்து இழுத்து இரண்டு காதுச் சோணையும் அடிவரை கிழிந்திருந்தன. அப்படியும் தோட்டை விடாமல் காதோடு நூல் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"தைச்சா திரும்பத் தோடு போடலாமோ டொக்டர்?"

"ஓம். ஆனா மூண்டு மாசம் வெறுங்காதா இருக்க வேணும். பிறகு வேற இடத்தில புதுசாக் குத்தித் தாறன்."

"மூண்டு மாசமோ? ஒரு நல்ல நாளுக்கும் போடேலாதோ?"

"ஏலாது."

அவள் என் காதைப் பார்த்தாள். சத்திரசிகிச்சை அறைக்குள் நகை ஆகாது. தினமும் கழற்றிப் பூட்டி அலுத்துப்போய், நான் தோடு போடுவதை விட்டுப் பத்து வருஷமாகிறது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்கட அவர் இல்லையோ டொக்டர்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவர் வீட்டில கிரிக்கெட் பாத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் உங்கட காதைப் பாருங்கோ" என்றேன். தாதி சிரித்தாள், அந்தப் பெண்ணும் சங்கடத்தோடு சிரித்தாள். அதை வீண் அலட்டல் என்று தள்ளிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அடுத்த கிழமை தைத்தேன். பத்தாம் நாள் தையல் வெட்டும்போது எனக்கே பெருமையாக இருந்தது. இரண்டு சோணையும் சின்னப்பிள்ளையின் காது மாதிரி வழுவழு என்று இருந்தன. அவளிடம் கேட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இருபத்திமூன்றாம் நாள் திரும்பி வந்தாள். காதுகள் வீங்கிச் சீழ் வடிந்தது. சீழுக்குள் தோடு இருந்தது. ஆறுவதற்கு முன்னரே தையல் ஊசியால் தானே குத்திப் போட்டிருக்கிறாள். காத்திருந்த சனத்துக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"இந்த வயசில அவ்வளவு வடிவு கேக்குதோ? மூண்டு மாசம் பொறுக்கேலாதோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உள்ளே கூட்டிப்போய்த் தோட்டைக் கழற்றிச் சீழை எடுக்கும்போதுதான் சொன்னாள்.

"என்ர மனுசன் கடலுக்குப் போய் எட்டு வருசம் டொக்டர். படகும் வரேல்ல, உடம்பும் வரேல்ல. செத்தவீடு செய்யச் சொல்லிச் சனம் சொல்லாத நாளில்ல. நான் விடேல்ல. அவர் வருவார்."

நான் சீழைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தாலி சட்டைக்குள்ள கிடக்குது, அதை ஆர் கண்டினம்? காதைத்தான் பாக்கினம். போன கிழமை தங்கச்சியின்ர மகளுக்குக் கலியாணம். பொம்பிளை மாப்பிளைக்கு ஆராத்தி எடுக்கத் தட்டைத் தூக்கினனான். தங்கச்சி வந்து கையில இருந்து வாங்கிப்போட்டாள். காதைப் பாரக்கா எண்டு மட்டும் சொன்னாள். வீட்ட போன உடன குத்திப்போட்டன்."

சீழ் வற்றியது. ஆனால் தழும்பு தடித்துப் புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்தது. மாதாமாதம் ஊசி போட்டும் சுருங்கவில்லை. அந்தக் காதில் இனித் துளை போட்டால் இன்னும் வளரும். குத்தவே ஏலாது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று உண்டு. கிழிசலைத் தைக்கும்போதே பழைய துளையை மிச்சம் விட்டுத் தைக்கிற முறை இருக்கிறது. சின்னதாக ஒரு தோடு அதில் கிடந்திருக்கும். எனக்குத் தெரியும், பலருக்குச் செய்தும் இருக்கிறேன். துளையோடு தைத்தால் சோணை அவ்வளவு வழுவழுப்பாக வராது, அதனால் விட்டுவிட்டேன். தோடு எதற்கு என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவில்லை. வடிவுக்கு அலைகிறாய் என்று அவளை ஏசினேன். அலைந்தது நான். இதை நினைத்தால் என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

கடைசியாக ஊசிக்கு வந்தபோது அவள் நெற்றியில் பொட்டு இல்லை.

"பொட்டு எங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வெறுங்காதோட பொட்டு வைச்சா சனம் சிரிக்குது டொக்டர். போன மாசம் செத்தவீடும் செய்து முடிச்சாச்சு."

"ஆர் செய்தது?"

"நான்தான்."

பத்தாம் நாள் எடுத்த அந்தக் காதின் படம் இன்னும் கிளினிக்கில் வருகிறவர்களுக்குக் காட்டும் பட அல்பத்தில் இருக்கிறது. நான் தைத்ததில் அதுதான் திறமான காது. போன கிழமையும் ஒருத்தி அதைத் தொட்டுக்காட்டி, இப்படியே தைத்துத் தரச் சொன்னாள்.