ஒரு சொட்டும் சிந்தவில்லை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. டாக்டராக இருந்தபோது, நான் உள்ளே நுழைந்தால் மானிட்டர்கூட மெதுவாகத்தான் சத்தம் போடும் என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில், வேடசந்தூர்ப் பக்கத்து மில் தொழிலாளி ஒருவர் குடல் ஓட்டைக்கு ஆபரேஷன் ஆகி எங்களிடம் கிடந்தார். காய்ச்சல் விடவில்லை. பூஞ்சைத் தொற்றாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் மருந்தைத் தொடங்கினேன். அது பொல்லாத மருந்து. ஏற்றும்போதெல்லாம் மனிதர் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே ஆடும். சிறுநீரகத்தையும் பதம் பார்த்தது. ரத்தத்தில் உப்பு ஏறிக்கொண்டே போனது. பூஞ்சை இருந்து மருந்தை நிறுத்தினால் உயிர் போகும், இல்லாமல் தொடர்ந்தால் கிட்னி போகும்.

அப்போதுதான் சென்னையில் ஒரு லேபில் புதிய பரிசோதனை வந்திருந்தது. பூஞ்சையின் மேலுறையில் உள்ள ஒரு பொருள் ரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து சொல்வார்கள். அளவு குறைவென்றால் துணிந்து மருந்தை நிறுத்தலாம். அதே மில்லில் வேலை பார்த்த அவருடைய மச்சினனிடம் ரத்தக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்து, "ஒரு சொட்டு சிந்துச்சு, தொலைச்சுருவேன்" என்று மிரட்டி பஸ் ஏற்றினேன்.

முடிவு வந்தது. அளவு எக்கச்சக்கம்.

"இம்புட்டுப் பூஞ்சையோட மனுசன் எப்படி உசுரோட இருக்காரு?" என்று நர்ஸ் வாயைப் பிளந்தார். எனக்கும் உதைத்தது, காய்ச்சல் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. மச்சினனைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"சொன்னபடி ஒரு சொட்டு சிந்தலம்மா. பஸ்ஸு குலுக்குன குலுக்குல மூடி லூசாயிருச்சு. பையில மில்லுப் பஞ்சு கெடந்துச்சா, அதைத் திணிச்சு மூடிட்டேன். லேப்புல குடுக்கையில எடுத்துட்டேன், பாக்க அசிங்கமா இருக்கும்ல?"

தலையில் அடித்துக்கொண்டேன். அதே மாதிரிப் பொருள் பஞ்சிலிருந்தும் கசியும். சென்னை லேப் சிரத்தையாக அளந்து தந்தது வேடசந்தூர்ப் பஞ்சை! திட்டத்தான் வாயெடுத்தேன். என் மிரட்டலுக்குப் பயந்துதானே அடைத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது.

புதிதாக ரத்தம் எடுத்துக் கொடுத்து, "சிந்துனா சிந்தட்டும் தம்பி, மறுபடி எடுத்துக்கலாம்" என்றேன். இந்த முறை அளவு குறைவு. மருந்தை நிறுத்தினேன். நடுக்கம் நின்றது, உப்பும் மெல்ல இறங்கியது.

அந்தத் தொழிலாளி வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பஞ்சு அடைத்த கதையை நர்ஸ் சொல்ல, வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் அவர். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"செத்த நேரம் குழாய்ல இருந்ததுக்கே அம்புட்டுக் காட்டுச்சு. நான் இருபது வருசமா அந்தப் பஞ்சுத் தூசியத்தானம்மா மூச்சுல இழுக்குறேன். அதை அளக்க எதுவும் வந்துருக்கா?"