மத்திக்கு நடுவில் வேதப்புத்தகம்

எங்கள் வீட்டில் ஒரு பெரிய ஃப்ரீசர் உண்டு. அதில் ஐஸ்கிரீம் வைக்க எனக்கு அனுமதி இல்லை. என் மனைவி கௌசல்யாவின் உத்தரவு.

ஓவியம் படித்தவள் அவள். கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கம்பெனிக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். நாற்பது வயதில் அதை உதறிவிட்டு, பழுதான புத்தகங்களைச் செப்பனிடும் படிப்பில் போய்ச் சேர்ந்தாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாளே என்று நான் புலம்பாத நாள் இல்லை.

முதலில் வந்த பெரிய வேலை ராகேல் அக்காவின் வேதப்புத்தகம். பாறசாலையில் மீன் மொத்த வியாபாரம் செய்பவர். அந்தக் குடும்பத்தில் யார் கல்யாணம் நடந்தாலும் மணமக்கள் பெயரை அதன் முன்பக்கத்தில் எழுதுவார்கள். அடுத்து மகள் ரெஷ்மாவின் முறை. அதற்குள் தையல் விட்ட புத்தகத்தைக் கட்டித் தரவேண்டும்.

இடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பருவமழையில் மொட்டைமாடிக் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கூரை வழியே அவள் மேஜைமேல் இறங்கியது. வேதப்புத்தகம் ஊறி உப்பிவிட்டது. நான் தலைமுடி உலர்த்தும் மெஷினோடு ஓடினேன்.

"தொடாதீங்க! பிரிச்சா மை ஓடிரும். உடனே உறைய வைக்கணும், அப்புறம் மெல்ல உலர்த்தணும்."

இப்போதுள்ள பெரிய ஃப்ரீசர், நனைந்த புத்தகங்களுக்காக அவள் பிற்பாடு வாங்கியது; அன்று இருந்த ஃப்ரிட்ஜிலோ ஐஸ் தட்டுக்கே இடம் போதாது. கௌசல்யா ராகேல் அக்காவுக்கு போன் செய்து, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இஞ்ச கொண்டு வா மக்களே. மீன் வைக்கிய ஃப்ரீசர் கெடக்கு."

மீன்காரரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போகிற சைவக்காரியான கௌசல்யா, புத்தகத்தைப் பாலித்தீனில் சுற்றி, மத்திக்கும் அயிலைக்கும் நடுவே தன் கையால் வைத்தாள்.

"மீன் நாத்தம் ஏறிருமோ அக்கா?"

"இயேசுக்க சீஷன்மாருல பாதிப்பேரு மீன்பிடிக்காரங்கதானே? வேதத்துக்கு அது புதுசா?"

பிறகு பல வாரம் தாள் தாளாக உலர்த்திக் கட்டினாள். பெயர்கள் பிழைத்தன. புத்தகத்துக்கு ஒரு துணிப்பெட்டி செய்து, மூடியின் உட்புறம் சின்னதாக ஒரு மத்தி வரைந்தாள்.

கல்யாணத்தன்று ரெஷ்மா பெயர் எழுதி முடித்ததும், ராகேல் அக்கா புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார். கௌசல்யாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"மீன் நாத்தமா அக்கா?"

"இல்ல மக்களே. இந்த வேதம் எங்க அப்பாக்க மரப்பெட்டியில இருந்தப்ப அடிச்ச அதே பழைய மணம். போவல்ல."