நனைந்து திரும்பி வந்த பற்சக்கரங்கள்

1. பிரெஞ்சுக்காரர்கள் கட்டிவிட்டுப் போன எங்கள் ஆலையின் நூற்பு இயந்திரம் ஒன்று, சிறிய பற்சக்கரத்தில் பல் உடைந்து நின்றது.
2. பட்டறையில் புதிதாக ஒன்று கடைந்தார்கள். உலைக்காரர் அதைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கினார். மூன்றாம் நாள் அதுவும் உடைந்தது.
3. அடுத்தது இரண்டு நாள்கூட ஓடவில்லை.
4. திங்கட்கிழமையிலிருந்து உலைக்காரர் பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்க வேண்டும் என்றார் மேற்பார்வையாளர்.

நான் அந்தப் பட்டறையின் சோதனை அறையில் வேலை பார்த்தேன். உடைந்த பற்களை அரத்தால் தேய்த்தேன். அரம் வழுக்கியது. எஃகில் கடினத்துக்குக் குறைவில்லை, தாங்கும் தன்மைதான் இல்லை. கண்ணாடி மாதிரி.

முதல் சக்கரத்தின்போதே உலைக்காரர் கேட்டிருந்தார். "முக்கினதுக்கு அப்புறம் திரும்ப லேசா சூடு காட்டணும் சார். வைக்கோல் நிறம் வந்தா போதும்."

"இறுக வச்சதை எதுக்கு இளக வைக்கிறீங்க பாய்?" என்று மேற்பார்வையாளர் மறுத்துவிட்டார். நானும் உலைக்காரர் பக்கம் பேசினேன். "அதெல்லாம் புத்தகத்துலதான் இருக்கும்மா" என்று என்னையும் ஒதுக்கிவிட்டார்.

சனிக்கிழமை காலை, ஒப்பிட்டுப் பார்க்க பிரெஞ்சுக்காரர் காலத்துச் சக்கரம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பண்டகசாலைக்குப் போனேன். பேரேட்டில் ஒரு பெட்டி இருந்தது. எதிரே ஆங்கிலத்தில், 'நனைந்தது, திரும்பி வந்தது' என்ற பொருளில் ஒரு குறிப்பு. கையெழுத்து என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரெஞ்சுப் பேரேடுகளைப் பண்டகசாலைக்காரர் வாசித்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதியது நான்தான். கெட்டுப்போன சரக்கு என்று அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

திறந்தேன். ஆறு சக்கரங்கள், வேறு இயந்திரத்தின் அளவில். நனைந்ததாகச் சொன்ன எஃகில் துருவே இல்லை. அரம் வழுக்காமல் மெல்லப் பிடித்தது. ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் அடித்தேன். பல் உடையவில்லை. திரும்பி வந்து பெட்டியின் சீட்டைப் படித்தேன்: 'த்ராம்பே, ரெவ்னு'. பேரேட்டுக் குறிப்பு தப்பு என்றேன்.

"இதுல தப்பு எங்க இருக்கு?" என்றார் பண்டகசாலைக்காரர். எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடுவோம். "த்ராம்பேன்னா நனைஞ்சது. ரெவ்னுன்னா திரும்பி வந்தது. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல ப்ரெவே பரீட்சை பாஸ் பண்ணவன்."

"வீட்டுப் பிரெஞ்சுல சரி முசே. உலைப் பிரெஞ்சுல, முக்கி இறுக வச்சது, திரும்பச் சூடு காட்டினது. அரம் பிடிச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது."

பின்னால் வந்து நின்ற உலைக்காரர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "உங்க பேரேட்டுலதான் மழை பெஞ்சிருக்கு முசே. பெட்டியில பெய்யல."

முசே சிரிக்கவில்லை. ஆனால் சீட்டைப் பிய்க்காமல் பெட்டியின் மூடியையே கழற்றிக் கொடுத்தார். அதை மேற்பார்வையாளர் மேசைமேல் வைத்தேன். அடிபட்ட சக்கரத்தைப் பக்கத்தில் வைத்தேன். "இது புத்தகம் இல்ல சார். செஞ்சு அனுப்பினவங்க ஒட்டின சீட்டு. முக்கி, திரும்பச் சூடு காட்டினதுன்னு எழுதியிருக்கு."

அவர் இரண்டு தடவை படித்தார். "ஒண்ணு கடைஞ்சு, பாய் சொல்ற மாதிரி பண்ணிப் பாருங்க" என்றார்.

அந்தச் சக்கரம் ஐந்தாவது மாதமாக ஓடுகிறது. உலைக்காரர் உலையில்தான் இருக்கிறார். பேரேட்டில் அந்த வரியை அடித்து, சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெட்டியில் ஐந்து நல்ல சக்கரங்கள் இருக்கின்றன.