திங்கட்கிழமைக் காய்ச்சல்

தேனியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. பேக்கரிக்காரர்களின் ரொட்டி டின்களில் பிய்ந்துபோன நான்ஸ்டிக் கோட்டிங்கை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்துத் தருகிறேன். கூட இருப்பது என் மச்சினன், என்னைவிட இரண்டு வயது இளையவன். திங்கட்கிழமை காலையில் பழைய டின்களை ஓவனில் அடுக்கிப் பொசுக்குவது அவன் வேலை. கோட்டிங் கருகிவிட்டால், அப்புறம் மணலடிக்கும் மெஷினில் சுலபமாகக் கழன்றுவிடும்.

அந்தத் திங்கட்கிழமைகளில்தான் அவனுக்குக் காய்ச்சல் வரும். சாயங்காலம் நடுங்குவான், நெஞ்சு இறுக்குகிறது என்பான். செவ்வாய் வரமாட்டான். புதன்கிழமை ஒன்றுமே நடக்காதது போல வந்து நிற்பான். மூன்றாவது தடவை எனக்கு நம்பிக்கை போய்விட்டது. போடி ரோட்டில் இதே தொழில் செய்கிறவரிடம் செவ்வாய்தோறும் வேலைக்குப் போகிறானோ என்று, இரண்டு முறை அந்தப் பட்டறை வழியாக வண்டியை ஓட்டிப் பார்த்தேன். அவன் பைக் அங்கே இல்லை. உள்ளே நிறுத்தியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

"மேலு அனலாக் கொதிச்சதுங்க, நாந்தான் தொட்டுப் பாத்தேன்" என்றாள் என் மனைவி. தம்பிக்காகப் பேசுகிறாள் என்று அதையும் தள்ளினேன்.

ஒரு திங்கட்கிழமை அவன் குச்சனூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டான். ஓவனை நானே போட்டேன். கதவைத் திறந்து திறந்து பார்த்தேன். புகைகூடப் பெரிதாக இல்லை. நான்கு மணிக்கு இடுப்பு வலித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டு கிடந்தேன். மறுநாள் டாக்டர் என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, அந்தக் கோட்டிங் கருகும் ஆவிதான் காரணம் என்றார். அந்தத் தூள் ஒட்டிய கையோடு பீடி பிடித்தாலும் வருமாம். மச்சினன் பீடி பிடிப்பவன்.

புதன்கிழமை அவனிடம் சொன்னேன்: "மாப்ள, இனிமே ஓவன் வேணாம். மாஸ்க்கப் போட்டு மணலடிச்சே உரிப்போம். நேரமானாலும் ஆகட்டும். பீடிய எடுக்கிறதுக்கு முன்னாடி கையக் கழுவிரு."

"உங்களுக்கும் வந்துருச்சா மச்சான்?" என்றான். டின்களை மெஷின் பக்கம் நகர்த்திக்கொண்டே, "போடி ரோட்டுப் பட்டறைப் பக்கம் உங்க வண்டியப் பாத்ததாச் சொன்னாக" என்றான்.

"சும்மா போனேன்."

அவன் மாஸ்க்கை எடுத்து மாட்டிக்கொண்டான்.

இப்போது அவனுக்குக் காய்ச்சல் வருவதில்லை. ஆனால் ஏதாவது விசேஷத்துக்கு லீவு வேண்டுமென்றால், நான் கேட்காமலே அழைப்புப் பத்திரிகையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறான். அதெல்லாம் வேண்டாம் மாப்ள என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.